எலி வளையானாலும் தனி வளை... இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சென்னை பாரிமுனைப் பக்கம் நடந்திருக்கிறீர்களா? கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்கும். கடைசி ஷட்டரும் இறங்கிய பிறகுதான் அங்கே இன்னொரு ஊர் திறக்கும். கடைப் படிக்கட்டில் பாய் விரியும். ஷட்டர் பூட்டுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே கொசுவலை ஏறும். அலுமினியப் பானை ஓரமாக ஒதுங்கும், குழந்தை தூங்கிவிடும். பால் வண்டி வருவதற்குள் எல்லாம் சுருட்டி மூட்டையாகிவிடும். காலையில் அந்த வழியாக ஆபீஸ் போகிறவருக்கு, ராத்திரி அங்கே ஒரு குடும்பம் குடியிருந்த சுவடே தெரியாது.

அப்படிச் சுருட்டி வைக்கப்படும் வீடுகளைப் பற்றியும், அவற்றைச் சுவர் வைத்த வீடாக மாற்றிக் காட்டிய ஊர்களைப் பற்றியும் சில சேதிகள். சிலது 'அட!' போட வைக்கும், சிலது 'ஐயோ!' போட வைக்கும். வாருங்கள், போகலாம்!

1. டார்ச் அடித்து எண்ணும் ராத்திரி

இந்தியாவில் வீடு இல்லாதவர்களை என்றைக்கு எண்ணுகிறார்கள், தெரியுமா? பத்து வருஷத்துக்கு ஒரே ஒரு ராத்திரி! மற்றவர்களை எண்ண மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வாரக்கணக்கில் நேரம் உண்டு. வீடற்றவர்களுக்குக் கிடைப்பது பிப்ரவரி 28 ராத்திரி மட்டும்தான். 2011-ல் அந்த ராத்திரியில் எண்ணிக்கைக்குள் வந்தவர்கள் 17.73 லட்சம் பேர். அதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம்.

எங்கெல்லாம் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. நடைபாதை, மேம்பாலத்தடி, மாடிப்படிக்கு அடியில், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம்... அந்தப் பட்டியலில் 'ஹியூம் பைப்'பும் உண்டு! பாதாளச் சாக்கடைக்காகத் தெருவோரம் உருட்டிப் போட்டிருப்பார்களே, அந்த சிமென்ட் குழாயேதான். அதற்குள் ஆள் குடியிருப்பார் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்த சங்கதி என்றுதானே அர்த்தம்?

2. ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு பூட்டு!

வீடு போதவில்லை, அதனால்தான் தெருவில் படுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அதே 2011 கணக்கெடுப்பு இன்னொரு எண்ணையும் பிடித்தது. நகரங்களில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1.11 கோடி! நகரத்து வீடற்றவர் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 12 வீடு என்று கணக்கு வருகிறது.

அப்படியானால் தட்டுப்பாடு யாருக்கு? 2012-ல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, நகரங்களில் 1.878 கோடி வீடுகளுக்குத் தட்டுப்பாடு என்று சொன்னது. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அவர்களைவிட ஏழைகளுக்கும்தான். கட்டின வீடு வாங்க ஆளில்லை, வீடு வேண்டியவனிடம் காசில்லை. பசித்தவன் தெருவில் நிற்க, கல்யாண மண்டபத்தில் சோறு மிஞ்சிய கதைதான்!

3. ராத்திரியில் வரும் தேர்தல் அதிகாரி

வீடே இல்லாதவருக்கு வாக்காளர் பட்டியலில் இடம் உண்டா? உண்டு! இருப்பிடச் சான்று எதுவும் காட்ட வேண்டியதில்லை என்றால் நம்புவீர்களா? தேர்தல் ஆணையத்தின் விதியே அப்படித்தான் சொல்கிறது. படிவம் 6-ல் தான் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரி நேரத்தில், அதுவும் ஒரு ராத்திரிக்கு மேல், நேரில் வந்து அவர் அங்கே படுத்திருக்கிறாரா என்று பார்ப்பார். படுத்திருந்தால் அந்த நடைபாதையே அவருக்கு முகவரி!

கேஸ் இணைப்புக்கும் பள்ளிக்கூட அட்மிஷனுக்கும் முகவரி கேட்டு அலைக்கழிக்கும் நாட்டில், ஓட்டுக்கு மட்டும் தூக்கம் ஒன்றே சான்றாகிவிடுகிறது.

4. சேலத்துக்காரர் ஒருவர் இந்திய அரசியல் சட்டத்தையே அசைத்தார்!

1961. மழை பொய்த்தது, சேலத்தில் நிலமில்லாத விவசாயக் கூலி ஒருவருக்கு வேலை இல்லாமல் போனது. பம்பாய்க்குக் கிளம்பினார். தகிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கேன்வாஸும் போட்ட ஒரு குடிசை. அதற்கு உள்ளூர் தாதா பிடுங்கிய தொகை 2,500 ரூபாய், அதாவது நூறு நாளைக்கும் மேற்பட்ட கூலி! நடைபாதை இலவசம் என்று யார் சொன்னது?

1981 ஜூலையில் நடைபாதைவாசிகளை எல்லாம் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவது என்று மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. குடிசை இடிந்தது. மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு சேலத்துக்கு பஸ் ஏற்றி விட்டார்கள். அவர் என்ன செய்தார்? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மறுபடி பம்பாய், மறுபடி நடைபாதை! ஊரில் வேலை இருந்திருந்தால் அவர் ஏன் முதலில் கிளம்பியிருக்கப் போகிறார்?

இந்தக் கதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இவரும் மனுதாரராக இருந்து, ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரின் பெயரில் புகழ்பெற்ற அந்த வழக்கில் 1985 ஜூலை 10-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம்.

ஆஹா என்று கைதட்டிவிடாதீர்கள். அதே தீர்ப்பு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டது. கையோடு கிடைத்த பெரிய சலுகை, மழைக்காலம் முடியும்வரை, அக்டோபர் 31 வரை, தவணை!

5. வழக்கில் ஜெயித்தார்கள், வீட்டில் வாழவில்லை

சேலத்துக்காரர் தனியாள் இல்லை. நியூயார்க்கில் 1979-ல் ராபர்ட் காலஹன் என்ற வீடற்றவர், தங்க இடம் கேட்டு வழக்குப் போட்டார். 1981-ல் உடன்பாடு கையெழுத்தானது. தங்குமிடம் கேட்டு வருகிறவருக்கு நகரம் இடம் தந்தே ஆக வேண்டும் என்ற உரிமை பிறந்தது அதில்தான். கையெழுத்தாகும்போது காலஹன் எங்கே? அதற்கு முன்பே தெருவில் செத்துப் போயிருந்தார்.

தென்னாப்பிரிக்காவில் ஐரீன் குரூட்பூம். 2000-ம் ஆண்டு அரசியல் சட்ட நீதிமன்றத்தில் அரசாங்கத்தையே எதிர்த்து ஜெயித்தவர். உலகத்தில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் வீட்டுரிமை என்றவுடன் இவர் பெயரைச் சொல்வார்கள். 2008-ல் இறந்தபோதும் அவர் இருந்தது ஒரு தகரக் கொட்டகையில்தான்!

தீர்ப்பு ஒரு காகிதம். அதை சாவியாக மாற்ற ஒரு ஆபீஸும், பட்ஜெட்டும், விடாமல் கேட்கிற ஆட்களும் வேண்டும். ஸ்காட்லாந்தில் கேட்டார்கள். 2003-ல் சட்டம் போட்டு, பத்து வருஷம் ஏற்பாடு செய்து, 2012 டிசம்பர் 31 முதல், தன் தவறில்லாமல் வீடிழந்த எவருக்கும் நிலையான வீடு சட்டப்படி உரிமை என்று ஆக்கிவிட்டார்கள்.

6. ஒரு வருஷ வாடகை ஒரு டீ காசு!

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊர். அங்கே 'ஃபுக்கெரை' என்ற குட்டிக் குடியிருப்பு. யாக்கோப் ஃபுக்கர் என்ற பெரும் பணக்காரர் 1516-ல் கட்ட ஆரம்பித்தது. நம்மூரில் கிருஷ்ணதேவராயர் ஆண்டுகொண்டிருந்த காலம்! அன்றைக்கு வைத்த வாடகை வருஷத்துக்கு ஒரு கில்டர். இன்றைய வாடகை? அதே ஒரு கில்டர்தான், இப்போதைய காசில் 88 சென்ட்! மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு! 500 வருஷமாக ஏறாத வாடகையை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

நிபந்தனைகள் உண்டு. அந்த ஊர் கத்தோலிக்க ஏழையாக இருக்க வேண்டும், தினமும் மூன்று வேளை ஜபம் செய்ய வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கு மேல் வந்தால் 50 சென்ட் அபராதம். வருஷ வாடகையில் பாதிக்கு மேல் ஒரே ராத்திரியில் போய்விடும்! இசைமேதை மொஸார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார் ஃபிரான்ஸ் மொஸார்ட், இங்கேதான் குடியிருந்தார்.

சுமார் 140 வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் மணி இழுக்கும் கைப்பிடி வேறு வேறு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே 'இது என் வீடு' என்று கண்டுகொள்வதற்காக! ஏழைதானே என்று எல்லா வாசலுக்கும் ஒரே அச்சில் வார்த்துத் தள்ளவில்லை, பாருங்கள்.

7. பணக்கார வரியில் எழும்பிய ஒரு கிலோமீட்டர் கட்டடம்

ஒரே கட்டடம், நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல்! வியன்னாவில் 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1,382 வீடுகள், சுமார் 5,000 பேர். இத்தனை பெரிய இடத்தில் கட்டடம் நிற்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில்தான். மிச்சமெல்லாம் தோட்டமும் முற்றமும்! உள்ளேயே துணி வெளுக்கும் கூடம், நூலகம், பாலர் பள்ளி, பல் மருத்துவமனை.

காசு எங்கிருந்து வந்தது? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. நகரத்தின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் 1923-ல் வீட்டு வரி போட்டார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்குப் பலமடங்கு. அது போதாதென்று வேலைக்காரர்களை வைத்துக்கொண்டால் வரி, குதிரைக்கு வரி, நாய்க்கு வரி! பத்து வருஷத்தில் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. தொழிலாளியின் வாடகை வருமானத்தில் நூற்றுக்கு நாலு அளவுதான். ஒவ்வொரு கட்டடத்தின் நெற்றியிலும் பெரிய எழுத்தில் பொறித்தார்கள்: இது வீட்டு வரியில் வியன்னா நகராட்சி கட்டியது. வரி கட்டியவன் தன் காசு எங்கே போனது என்று தெருவில் நடக்கும்போதே படித்துக்கொள்ளலாம்!

1934-ல் உள்நாட்டுச் சண்டையில் இதே கட்டடத்தின் மேல் ராணுவம் பீரங்கியால் சுட்டது. கட்டடம் நின்றது. இன்றும் வியன்னாவாசிகளில் சுமார் பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ அரசு உதவியில் எழுந்த வீட்டிலோதான் வாழ்கிறார்கள்.

8. தீ போட்ட பிள்ளையார் சுழி

1953 கிறிஸ்துமஸ் ராத்திரி. ஹாங்காங்கில் ஷேக் கிப் மேய் குடிசைப்பகுதி பற்றி எரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடுத்தெருவில். அந்தச் சாம்பலில்தான் ஹாங்காங்கின் பொது வீட்டுத் திட்டம் முளைத்தது. முதலில் கட்டியது என்னவோ 120 சதுர அடி அறைகள், ஆளுக்கு 24 சதுர அடி, கழிப்பறை பொது. ஆனாலும் தலைக்கு மேலே கூரை! அந்தக் காலத்துக் கட்டடம் ஒன்று, மேய் ஹோ ஹவுஸ், இன்று இளைஞர் விடுதியாக நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்துத் தங்குகிறார்கள்!

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ கம்பம் எரிந்தது. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நம்மவர்கள் வாயில் 'வீவக', அப்போது ஒரு வயசுக் குழந்தை. வெள்ளைக்காரன் காலத்து அமைப்பு 32 வருஷத்தில் கட்டியது 23,000 வீடு. வீவக மூன்றே வருஷத்துக்குள் 21,000! இன்று அந்த நாட்டில் நாலில் மூன்று பேருக்கு மேல் வீவக வீட்டில்தான்.

9. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதும் சட்டம்!

சிங்கப்பூரில் 1989 முதல் ஒரு விதி. ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காடுதான் என்று உச்சவரம்பு. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியக் கூடாதாம். அதனால்தான் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம், மாடியில் தீபாவளி விளக்கு!

தமிழ்நாட்டிலும் இதே யோசனைக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. அதுதான் சமத்துவபுரம்! முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-ல் திறந்தது. 100 வீட்டில் 40 பட்டியல் சமூகத்தாருக்கு, 25 பிற்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அங்கே இனம், இங்கே சாதி. சுவர் எழுப்புவதைவிட யார் சுவரை யார் சுவரோடு ஒட்டி எழுப்புவது என்பதுதான் இரண்டு ஊரிலும் கஷ்டமான வேலை.

10. பாதி வீடு போதும்!

சிலியில் இக்கீக்கே என்ற ஊர். சுமார் நூறு குடும்பம், குடும்பத்துக்கு 7,500 டாலர்தான் மானியம். அந்தக் காசில் ஒழுங்கான வீடு வராது. கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா என்ன செய்தார்? பாதி வீடு கட்டினார்! ஏழையால் தனியாகச் செய்ய முடியாத பாதியை, அதாவது அஸ்திவாரம், படிக்கட்டு, சமையலறை, குளியலறையைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் அதே அளவு வெற்றிடத்தை விட்டார். மிச்சத்தை அவரவர் கையில் காசு வரும்போது கட்டிக்கொண்டார்கள். 2016-ல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவரைத் தேடி வந்தது.

இருங்கள், இருங்கள்! இதே வித்தையை அதற்கு முன்பே இந்தூரில் காட்டிவிட்டார் பாலகிருஷ்ண தோஷி. அவருடைய 'ஆரண்யா' குடியிருப்பில் மனையும் அடித்தளமும் கழிப்பறையும் சமையல் இடமும் கொடுத்து, மேலே எழுப்புவதைக் குடும்பங்களிடமே விட்டார். 2018-ல் அவருக்கும் பிரிட்ஸ்கர்!

அதற்கும் முன்னாலே? 1977-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டத்தில் நம் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்! மனை, தண்ணீர், சாக்கடை, கழிப்பறை, தவணையில் கடன். 'பொட்டல் காட்டில் யார் போய் இருப்பார்கள்?' என்று அந்தக் காலத்தில் உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. இரண்டு தலைமுறை கழித்து ஆராய்ச்சியாளர்கள் திரும்பி வந்து பார்த்தால், மாடிமேல் மாடி ஏறி, கீழே மளிகைக் கடை வைத்து, ஊர் ஜேஜே என்று இருக்கிறது. ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த மனைக்குப் பேரன் இன்று கிரானைட் படி போட்டிருப்பான்!

11. எலிப்பொறிச் சுவர்

செங்கல்லைப் படுக்கப் போட்டால் செலவு. நிமிர்த்தி வைத்தால்? லாரி பேக்கரைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தைச் சொந்த ஊராக்கிக்கொண்ட கட்டடக்காரர். செங்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்கி, நடுவே பொந்து விட்டுக் கட்டினார். எலிப்பொறி மாதிரி இருப்பதால் 'ராட் டிராப்' கட்டு என்று பெயர். செங்கல் செலவில் சுமார் கால் பங்கு மிச்சம். பொந்தில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. மேலே பூச வேண்டியதும் இல்லை!

கூரைக்கும் ஒரு தந்திரம். கான்கிரீட்டின் கீழ்ப்பாதி பாரம் தாங்குவதில் பெரிதாக உதவாது. எனவே அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டைச் சொருகு! சிமென்டும் கம்பியும் மிச்சம். குறைந்த விலை வீடு என்றால் மட்டமான வீடு என்று நினைப்பவர்கள் திருவனந்தபுரத்துப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும்.

12. கொழும்பில் போட்ட விதை ஹெல்சிங்கியில் காய்த்தது!

1980-ல் இலங்கைப் பிரதமர் ரணசிங்க பிரேமதாச ஐ.நா. சபையில் ஒரு யோசனை சொன்னார்: வீடற்றோருக்காக ஒரு சர்வதேச ஆண்டு வேண்டும். ஐ.நா. ஏற்றுக்கொண்டது, 1987 அந்த ஆண்டாயிற்று. அவரே தன் நாட்டில் பத்து லட்சம் வீட்டுத் திட்டம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் அதே தீவில், மலையகத் தமிழர்கள் இன்றும் ஏராளமானோர் லயத்தில்தான்! வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். தாத்தா பிறந்ததும் அதே காம்பராவில், பேத்தி பெரிய மனுஷியாவதும் அதே காம்பராவில். இப்போதுதான் சொந்தக் காணியும் தனி வீடுமாக, இந்திய உதவியும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது.

சரி, விதை எங்கே காய்த்தது? பின்லாந்தில்! அந்த 1987-ல் அங்கே சுமார் 18,000 பேர் வீடில்லாமல் இருந்தார்கள். இத்தனைக்கும் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் ஒண்டியிருப்பவரையும் வீடற்றவர் என்றே எண்ணுகிற நாடு அது. நம் கணக்கெடுப்பில் அவர் வரவே மாட்டார். விதை அங்கே எப்படிக் காய்த்தது? அடுத்த சேதி அதுதான்.

13. முதலில் சாவி, அப்புறம் மற்றது!

குடியை விடு, வேலை தேடு, ஒழுங்காயிரு, அப்புறம் வீடு. உலகம் முழுக்க இதுதான் நடைமுறையாக இருந்தது. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, அப்புறம் மருத்துவமும் வேலையும்! தெருவில் கிடந்துகொண்டு எவனால் மாத்திரையை நேரத்துக்குப் போட முடியும்?

பின்லாந்து 2008-ல் இதை நாட்டுக் கொள்கையாக்கியது. படுக்கை வரிசை போட்ட காப்பகங்களைத் தனி வீடுகளாக மாற்றினார்கள். ஹெல்சிங்கியில் இரட்சணிய சேனையின் 250 படுக்கைக் காப்பகம் சுமார் 80 தனி வீடுகளாயிற்று. நகரத்தில் 1985-ல் 2,000-க்கும் மேலிருந்த காப்பகப் படுக்கைகள் 2016-ல் 52! வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில், வாசலில் அவரவர் பெயர்ப்பலகை, தேவைப்பட்டால் தட்டிக் கூப்பிட சமூகப் பணியாளர். எலி வளையானாலும் தனி வளை என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் அவர்கள் கொள்கை அறிக்கையாக எழுதியிருக்கிறார்கள்!

2023-ல் பின்லாந்து முழுக்க வீடற்றோர் எண்ணிக்கை 3,429. உதவிகளை வெட்டிய பிறகு 2024-ல் மறுபடி 3,800-ஐத் தாண்டிவிட்டது. கையை எடுத்தால் உருண்டு வரும் கல் இது. குளிர் நாட்டுக்குத்தான் சரிப்படுமோ? அமெரிக்காவின் ஹூஸ்டன் 2011-க்குப் பிறகு இதே வழியில் வீடற்றோர் எண்ணிக்கையை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. அங்கே வெயில் நம்மூர் வெயில்!

14. கையில் காசு கொடுத்தால் குடித்துவிடுவார்களா?

வான்கூவரில் 50 வீடற்றவர்களுக்கு ஆளுக்கு 7,500 கனடா டாலர், ஒரே தவணையாக, கேள்வியே கேட்காமல் கொடுத்தார்கள். கடுமையான போதைப் பழக்கம் போன்ற சிக்கல்கள் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். காசு வாங்காதவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் வீடின்றிக் கழித்த நாள் 99 குறைவு! குடிக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை. வாடகை, சாப்பாடு, துணிமணி, கொஞ்சம் சேமிப்பு. 2023-ல் ஆய்வு வெளியானது. நீங்களும் நானும் செய்வதைத்தானே செய்திருக்கிறார்கள்!

15. லார்ட்ஸ் மைதானத்தில் தெருப் பிள்ளைகள்

2019 மே 7. கிரிக்கெட்டின் காசி என்று சொல்லும் லார்ட்ஸ். தெருவோரக் குழந்தைகளுக்கான உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இங்கிலாந்தை அந்த மண்ணிலேயே வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது 'தென்னிந்தியா' என்ற பெயரில் ஆடிய அணி! பையன்களும் பெண்களும் கலந்த அந்த அணியில் சென்னைப் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2023-ல் அடுத்த போட்டி நடந்ததே சென்னையில்தான்.

16. ஆளுக்கு 50 சதுர அடி, அதுவும் உரிமை!

ஒரு லட்சம் மக்கள்தொகை உள்ள நகரத்துக்கு ஒரு காப்பகம், அதுவும் வருஷம் முழுக்க, 24 மணி நேரமும். உச்ச நீதிமன்ற உத்தரவுகளை ஒட்டி மத்திய அரசு வகுத்த அளவுகோல் இது. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் பேர் உள்ள சென்னைக்கு 67 காப்பகம் வர வேண்டும். உங்கள் ஊர் மக்கள்தொகையை ஒரு லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணோடு நேரே உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போய், 'நம்ம ஊரில் எத்தனை இருக்கு?' என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையிலேயே மிகவும் பயனுள்ள 'தெரியுமா?' அதுதான்!

காப்பகம் ராத்திரிக்கு. வாழ்க்கைக்கு வேண்டியது வீடு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு எழுந்தது. பிற்பாடு கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். சுவர் கிடைத்தது. ஆனால் வீட்டு வேலை செய்த தெருவும் மீன் விற்ற கூடையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அந்தச் சேலத்துக்காரர் பஸ் ஏற்றி அனுப்பிய பிறகும் ஏன் திரும்பி வந்தார் என்பது இப்போது புரிகிறதா? வீடு வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வாடகை கூலிக்குள் அடங்க வேண்டும், கஷ்டகாலத்தில் கதவைத் தட்டினால் வருவதற்கு ஒரு ஆள் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் நாலு சுவர்!

கடைசியாக ஒன்று...

தள்ளிப்போன அடுத்த மக்கள்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1-ம் தேதியைக் குறித்திருக்கிறார்கள். பழைய முறைப்படியே நடந்தால் அதற்கு முந்தின ராத்திரி, கணக்கெடுப்பாளர் ஒருவர் கையில் டார்ச்சோடு தெருவோரக் குழாய்க்குள் குனிந்து பார்ப்பார். குழாய் காலியாக இருந்தால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. உள்ளே படுத்திருந்தவரை நேற்று போலீஸ் விரட்டியதா, இல்லை, அவர் இந்நேரம் தன் வீட்டுக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு தூங்குகிறாரா?

படிவத்தில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான்.